நாலு இரவல் கதிரைகள்

பங்குனி 4, திங்கள்

காலை 6.00 இடப்பக்கம். 8.00 வலப்பக்கம். 10.00 நிமிர்த்தி. சிவப்பு ஒன்றும் இல்லை. பை மாற்றியாயிற்று.

இந்தக் கொப்பியைத் தந்தது ஆஸ்பத்திரி மிஸ். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை இவரைத் திருப்பிப் படுக்கவைத்து, திருப்பிய நேரத்தை எழுதிவைக்கச் சொன்னா. இவருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. புண் வந்தாலும் நோகாது, என் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வரியில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. மிச்சப் பக்கத்தை வெறுமையாக விட எனக்கு மனமில்லை. இவரோடு கதைக்க முடியாததை இதில் எழுதுகிறேன்.

இன்று விதானையார் வந்தார். எங்கள் கிராம அலுவலரைத்தான் அப்படிச் சொல்வது. மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல், ஒரு காலை வேலிக்கட்டையில் ஊன்றிக்கொண்டு கதைத்தார்.

"நகுலேஸ்வரி, பழைய அங்கவீனக் காசு இனி இல்லை. எல்லாரையும் புதுத் திட்டத்துக்கு மாத்தினம். வீட்டை ஆள் வந்து கணக்கெடுக்கும். பழைய அட்டையை அவையிட்டைக் குடுத்துவிடுங்கோ."

"அப்ப அடுத்த மாசக் காசு?"

"வரும். வராட்டியும் பேந்து சேத்து வரும்."

சேர்த்து வருமாம். இவருடைய மூத்திரப் பை சேர்த்து வைத்து நிரம்புமா? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். விதானையாரிடம் எத்தனை கையெழுத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்தக் காசு பெரிய காசில்லை. ஆனால் குழாய், பை, பஞ்சு, மருந்து, கிளினிக்குக்குப் போகிற ஓட்டோ எல்லாம் அதற்குள்தான். நான் கச்சான் கடலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவது சோற்றுக்கு. அந்தக் காசு இவருடைய உடம்புக்கு. கடைசிச் சண்டையில், உழவு இயந்திரத்தில் சனத்தை ஏற்றிக்கொண்டு ஓடியபோது இவருடைய முதுகில் ஷெல் துண்டு பட்டு, பதினைந்து வருடம் ஆகிறது. இப்படிப் பிரித்து வைத்துத்தான் நாள் ஓடியது.

பங்குனி 11, திங்கள்

தபால் கந்தோரில் கடைசித் தடவை கையெழுத்து வைத்தேன். தபாலதிபர் அட்டையில் சீல் குத்திவிட்டு, "இனி உங்களையெல்லாம் பாங்கிலைதான் காணலாம், தங்கச்சி" என்றார். பதினைந்து வருடமாக மாதம் ஒருமுறை கண்ட முகம். பாவம், தன்பாட்டுக்கு ரேடியோவைப் போட்டுவிட்டு இருக்கிறார்.

பங்குனி 18, திங்கள்

நாளைக் காலை பத்து மணிக்குக் கணக்கெடுக்க ஆள் வருகிறதாம். வீடு கிடக்கிற கிடையைப் பார்த்தால் எனக்கே அழுகை வருகிறது.

பங்குனி 19, செவ்வாய்

6.00 இடம். 8.00 வலம். 10.00 இருத்திவைத்தது. சிவப்பு இல்லை.

விடிய எழும்பி முற்றம் கூட்டினேன். இவருக்கு முகம் வழித்து, நீலச் சேட்டைப் போட்டு, தலையை வாரி இழுத்துவிட்டேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பிரச்சினை கதிரையில்தான் வந்தது. எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதற்கும் ஒரு கால் கம்பியால் கட்டியது. அதில் ஆளை இருத்தினால் ஆளும் விழும், என் மானமும் விழும்.

அடுத்த வளவு பத்மாக்காவின் மகன் கனடாவில் இருக்கிறான். அவவிடம் போய் நாலு பிளாஸ்டிக் கதிரை, ஒரு மேசை ஃபான், பூப்போட்ட கிளாஸ் ஆறு வாங்கிக்கொண்டு வந்தேன். சீனி மட்டும் என்னுடையது.

"ஏனப்பா உந்தக் கூத்து?" என்று இவர் கட்டிலில் இருந்து கேட்டார். "அவை என்னைப் பாக்க வருகினமோ, கதிரையைப் பாக்க வருகினமோ?"

"வீட்டை வாற ஆளை நிலத்திலை இருத்தச் சொல்லுறியளோ? நாங்கள் இருந்த இருப்பென்ன?"

ஒருகாலத்தில் எங்கள் வீட்டில் பன்னிரண்டு கதிரை இருந்தது இவருக்கும் தெரியும்.

வந்தது ஒரு பெண்பிள்ளை. பெயர் தர்சிகா. இருபத்துமூன்று வயதுக்கு மேல் இராது. வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது. ஃபானைப் போட்டு முன்னால் இருத்தி, தேத்தண்ணி கொடுத்தேன். கையில் பெரிய போன் ஒன்று வைத்திருந்தது, அதைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டது. நானும் சொன்னேன், இவரும் சொன்னார். போனின் கண்ணாடியில் விரலால் கையெழுத்து வைத்தேன். பிறகு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று படம் எடுத்தது. பழைய அட்டையையும் வாங்கிக்கொண்டது.

போகும்போது, "அம்மா, எத்தினை வீடு ஏறி இறங்கினனான். இப்பிடி இருத்தித் தேத்தண்ணி தந்தது நீங்கள் மட்டும்தான்" என்றது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்லபடியாக முடிந்தது. பின்னேரம் கதிரைகளைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சித்திரை 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. (ஏப்ரலைத்தான் நாங்கள் சித்திரை என்று எழுதுவது.) கைவிசேடமாக இவர் எனக்கு ஒரு பத்து ரூபா தந்தார். என்னிடம் கடன் வாங்கித்தான் தந்தார், கள்ளன். காசு இன்னும் வரவில்லை.

சித்திரை 30, செவ்வாய்

6.00 இடம். 8.00 வலம். 10.00 திருப்பவில்லை, நான் வீட்டில் இல்லை. 1.00 இடம்.

விதானையார் கந்தோர்ச் சுவரில் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். மூன்றுதரம் வாசித்தேன். விரலை வைத்து வாசித்தேன். பிறகு பக்கத்தில் நின்ற பெடிச்சியையும் வாசிக்கச் சொன்னேன். கிருபாகரன் என்று ஒரு பெயர் இருந்தது, அது வேறு கிருபாகரன். இவருடைய பெயர் இல்லை.

பத்மாக்காவின் பெயர் முதியோர் பகுதியில் இருக்கிறது.

வைகாசி 2, வியாழன்

பிரதேச செயலகத்துக்குப் போனேன். ஏழு மணிக்கு வரிசையில் நின்று பதினொன்றரைக்கு மேசையடிக்கு வந்தேன். கண்ணாடி போட்ட ஒரு மிஸ். நல்லவ, எரிந்து விழவில்லை. அதனால்தான் எனக்குச் சண்டை பிடிக்கவும் வழியில்லாமல் போனது. கணினியைப் பார்த்து வாசித்தா.

"கதிரை அஞ்சு. மேசை ஃபான் ஒண்டு. கரண்ட் பாவனை கூட. சாப்பாட்டுக்குக் குறையில்லை. நோயாளி தன்ரை அலுவலைத் தானே பாக்கிறார், பராமரிப்புத் தேவையில்லை. இதுக்குத்தான் புள்ளி கூடிப்போச்சு, அம்மா. புள்ளி கூடினால் வசதியான குடும்பம் எண்டு அர்த்தம்."

"ஆர் சொன்னது தேவையில்லையெண்டு? அவர் பதினைஞ்சு வருசமாய்க் கட்டிலிலை, மிஸ்!"

"உங்கடை கையெழுத்து இருக்கே."

திரையைத் திருப்பிக் காட்டினா. கோழி கிளறியது போல என் கையெழுத்து. பக்கத்தில் எங்கள் வீட்டுப் படம். நாலு சிவப்புக் கதிரை வரிசையாக, ஃபான் சுத்திக்கொண்டு, இவர் நீலச் சேட்டோடு சிரித்துக்கொண்டு. பார்த்தால் கலியாண வீடு.

கரண்ட் ஏன் கூட என்று கேட்டா. காற்று மெத்தை என்று சொன்னேன். நோர்வேயில் இருக்கும் இவருடைய பள்ளித் தோழர் அனுப்பிய மெத்தை. கீழே ஒரு சின்ன மோட்டர் இரவும் பகலும் ஓடிக் காற்றை மாற்றி மாற்றி நிரப்பும். அது வந்த நாலு வருடமாகப் படுக்கைப்புண் இல்லை. மிஸ் அதைக் கேட்டு, "மேன்முறையீடு போடுங்கோ. ரெண்டு மாசக் கரண்ட் பில் குறைஞ்சிருந்தால் நல்லது" என்று சொன்னா. மெத்தைக்கென்று படிவத்தில் ஒரு இடம் இல்லையாம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். கரண்ட் கதையையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

குறையில்லை என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பிள்ளை தானாகப் போட்டிருக்கும்.

வைகாசி 3, வெள்ளி

பத்மாக்காவோடு பெரிய சண்டை. வேலிக்கு மேலால்.

"உன்ரை வீட்டாலை நேரை எங்கடை வீட்டைதானடி அந்தப் பிள்ளை வந்தது" என்று அவ சொன்னா. "கதிரை எல்லாம் உன்னட்டை. நான் பாயைப் போட்டு இருத்தினனான். ஃபானும் இல்லை, தாளாலை விசிறினனான். நான் என்னடி செய்ய?"

"கதிரை இருக்கெண்டு சொல்லியிருக்கலாமே!"

"நீ இரவலெண்டு சொன்னனியோ?"

நான் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டேன். இவர் கட்டிலில் கிடந்து சிரிக்கிறார். எனக்கு வந்த விசருக்கு இவரையும் ஒரு பேச்சுப் பேசினேன். மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பியாயிற்று.

வைகாசி 20, திங்கள்

6.00 இடம். 5.00 வலம். 7.00 நிமிர்த்தி.

கச்சான் பிடுங்குகிற காலம், முழுநாள் வேலை. முந்தி மத்தியானத்தில் ஓடிவந்து திருப்பிவிட்டுப் போவேன். இப்போது இடுப்பு கொஞ்சம் பிடித்திருக்கிறது, ஓட ஏலாது. வெறும் பிடிப்புத்தான்.

பின்னேரம் வந்து கையை வைத்தால் மெத்தை தொய்ந்து கிடக்கிறது. மோட்டர் ஓடுகிறது, ஆனால் காற்று இல்லை. நேற்றும் அப்படித்தான். மோட்டர் பழுதாகிறது போல. இவரைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், கீழை உள்ளதெல்லாம் உன்ரை பொறுப்பு" என்று பகிடி விடுகிறார்.

ஆனி 5, புதன்

முதுகின் அடியில், நாரியில் வலப்பக்கம் ஒரு சிவப்பு. ஒரு ரூபாக் காசுக் குத்தி அளவு. விரலால் அழுத்தினால் வெளிறவில்லை.

கரண்ட் பில் வந்தது. பாதியாகக் குறைந்திருக்கிறது. மேன்முறையீட்டுக்கு நல்லதுதான். ஆனால் எப்படிக் குறைந்தது என்று விளங்கவில்லை.

ஆனி 12, புதன்

விளங்கிவிட்டது.

இன்று தோட்டத்தில் குனிந்த இடத்தில் நிமிர முடியவில்லை. வலது கால் விறைத்துப் போயிற்று. மேற்பார்வைக்காரர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பத்து மணிக்குப் படலையைத் திறந்து வந்தால் வீடு அமைதியாக இருக்கிறது. நாலு வருடமாக அந்த மோட்டர்ச் சத்தம் இல்லாத வீட்டை நான் கேட்டதில்லை. இவர் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

இவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். கையில் முதுகு சொறிகிற தடி. தலைமாட்டில் தொங்குகிற பிளக் பெட்டியின் சுவிட்ச், தடிக்கு எட்டுகிற தூரத்தில். நான் போனவுடன் நிறுத்துவது, நான் வருகிற படலைச் சத்தம் கேட்டால் போடுவது. ஒரு மாதமாக இதுதான் வேலை. இன்று நான் எதிர்பாராத நேரத்தில் வந்ததால் தடி முந்தவில்லை.

"என்னப்பா இது? உங்களுக்கு விசரோ?"

"ரெண்டு மாசம் தானே. பில் குறையட்டும்."

"புண் வந்திட்டுதே! பாருங்கோ, புண் வந்திட்டுது!"

"எனக்கு நோகேல்லை, நகுலா. நோகாத இடத்திலை வந்தால் வரட்டும்" என்றார். "இந்தக் குடும்பத்துக்கெண்டு நான் செய்யக்கூடினது அந்த ஒரு சுவிட்ச்தான்."

நான் தடியைப் பறித்து முறித்து அடுப்பில் வைத்தேன். அதன் பிறகு அடுப்படியில் இருந்து வாய்விட்டு அழுதேன். இவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

புண்: ஐந்து ரூபாக் குத்தி அளவு. தோல் வெடித்திருக்கிறது.

ஆனி 24, திங்கள்

கிளினிக். ஓட்டோவுக்குப் பத்மாக்கா காசு தந்தா. நான் கேட்கவில்லை, அவவாக வந்து சீலைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து என் கைக்குள் வைத்துவிட்டுப் போனா. புதுத் திட்டத்தில் அவவுக்கு வந்த முதல் காசு அது.

ஆஸ்பத்திரி மிஸ் என் கொப்பியை வாங்கிப் பார்த்தா. "என்னம்மா, நேரமெல்லாம் விடுபட்டிருக்கு?" என்று கேட்டா. தோட்டத்து வேலை என்று சொன்னேன். இடுப்புக் கதையைச் சொல்லவில்லை. சொன்னால் என்னையும் ஒரு கட்டிலில் போடுவார்கள், பிறகு யார் யாரைத் திருப்புவது?

இவரை வார்டில் மறித்து வைக்கச் சொன்னா. இவர் மாட்டேன் என்றுவிட்டார். மேன்முறையீட்டுக்கு வீடு பார்க்க வருகிற நேரத்தில் ஆள் வீட்டில் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்களாம், விதானையார் சொன்னது. அதனால் வந்துவிட்டோம். பஞ்சைச் சின்னதாக வெட்டிப் பாவிக்கிறேன். பையைக் கழுவித் திரும்பப் போடுகிறேன். கழுவக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

புண்: தேத்தண்ணிக் கிளாஸின் வாய் அளவு. மணம் இருக்கிறது.

ஆடி 8, திங்கள்

நாளைக்கு வருகிறார்கள். பத்மாக்கா இருந்து புத்தி சொன்னா.

"இஞ்சை பாரடி. முகம் வழிக்காதை, சேட்டுப் போடாதை. நல்ல பெட்சீற் விரிக்காதை. தேத்தண்ணி குடுத்திடாதை. குசினிச் சட்டியெல்லாத்தையும் என்னட்டைத் தா. வாயைத் திறந்தால் அழு. அழ வராட்டி என்னை நினை, வரும்."

இவரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனா. நான் சரி என்றேன். பதினைந்து வருடமாக ஒரு நாளும் இந்த மனிசனை அழுக்காகக் கிடக்கவிட்டதில்லை. நாளைக்கு விட வேண்டும்.

ஆடி 9, செவ்வாய்

6.00 இடம். பிறகு ஒன்றும் எழுதவில்லை.

அதே பிள்ளை, தர்சிகாதான் வந்தது. இந்தமுறை கதிரை இல்லை. கம்பி கட்டிய கதிரையைக் காட்டினேன், பிள்ளை நின்றுகொண்டே இருந்தது. நான் தேத்தண்ணி கொடுக்கவில்லை. இரண்டு கையையும் சீலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு சுவரோடு நின்றேன். வெயிலில் வந்த பிள்ளை, உதட்டை உதட்டை நனைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, போனமுறை நாலு கதிரை இருந்தது. எங்கை?"

"அது இரவல், பிள்ளை. நீ வாறாயெண்டுதான் அடுத்த வளவிலை வாங்கினனான். ஃபானும் அப்பிடித்தான்."

பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. போனைத் தட்டித் தட்டிப் பார்த்தது. முகம் கறுத்துப்போயிற்று.

"இரவல் எண்டு போட இதிலை இடமில்லையம்மா. இருக்கு, பழுதாப் போச்சு, வித்தாச்சு, இந்த மூண்டுதான் கிடக்கு. வித்ததெண்டு போடட்டே?"

"போடு, பிள்ளை."

போட்டவுடன் போன் வேறொரு கேள்வி கேட்டது. விற்ற காசு எவ்வளவு, அதை என்ன செய்தீர்கள் என்று. வெறுமையாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். நாலையும் பழுதாய்ப் போனதென்று போட்டால், புதுக் கதிரை நாலு மாதத்தில் எப்படிப் பழுதானது என்று படம் கேட்கிறதாம். கடைசியில் பிள்ளை "இருக்கு" என்றே விட்டுவிட்டது. "கீழை குறிப்பிலை எழுதிவிடுறன், அம்மா. ஆராவது வாசிச்சால் விளங்கும்" என்றது.

பிறகு அந்தக் கேள்விகளைத் திரும்பக் கேட்டது. சாப்பாடு, பராமரிப்பு. நான் கேட்டேன், போனமுறை என்ன சொன்னோம் என்று. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னது.

"நீங்கள்தானேயம்மா சொன்னனீங்கள், ஒரு குறையுமில்லையெண்டு. ஐயா சொன்னவர், என்ரை அலுவலை நான் பாப்பன், ஒருத்தற்றை உதவியும் தேவையில்லையெண்டு. நான் ரெண்டுதரம் கேட்டனான்."

உண்மைதான். இங்கே எழுதிவைக்கிறேன், வேறு எங்கே சொல்வது? குறையில்லை என்று சொன்னது நான்தான். செயலகத்தில் வாசித்துக் காட்டிய அன்றைக்கே எனக்கு ஞாபகம் இருந்தது. ஆர் வந்து கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னா, சாகிற அன்றைக்கும் சொன்னா. இவர் அதைச் சொன்னபோது நான் இவருடைய பையை வெறுமையாக்கிக்கொண்டு வந்து கை கழுவிக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் புருசனாக்கும் என்று இருந்தது.

புண்ணைப் படம் எடுக்க வேண்டும் என்று பிள்ளை சொன்னது. நான் இவரைத் திருப்பி, மூடியிருந்த துணியை விலக்கினேன். என்னையும் டொக்டரையும் தவிர ஒருவரும் பார்க்காத இடம். இவர் தலையணையை இழுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்ததில் முதல் படம் சரிவரவில்லை. "இன்னொருக்கா, அம்மா" என்றது. இன்னொருதரம் பிடித்தேன்.

எல்லாம் முடிந்து அது செருப்பைக் கொழுவும்போது, தலையணைக்குள் இருந்து இவருடைய குரல் வந்தது.

"நகுலா, பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி குடுக்கேல்லையே?"

பிள்ளை படலை வரைக்கும் அழுதுகொண்டு போனது. நான் அழவில்லை, பத்மாக்கா சொல்லித்தந்தும் வரவில்லை.

ஆடி 22, திங்கள்

இரவு காய்ச்சல் இருந்தது. பனடோல். காசும் இல்லை, பதிலும் இல்லை. விதானையார், "கொழும்பாலை கோல் எடுத்துக் கேப்பினம், போனைக் கிட்ட வைச்சிருங்கோ" என்றார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறேன்.

ஆவணி 6, செவ்வாய்

6.00 இடம். 9.00 வலம், ஒரு கையால், மற்றக் கை என் இடுப்பில்.

நாளை மறுநாள் இவரை ஆஸ்பத்திரியில் மறிக்கப் போகிறோம். காய்ச்சல் விடுகிறதில்லை. புண் உள்ளங்கை அளவு. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிகிறது. எலும்பு என்று நான் சொல்லவில்லை, மிஸ் சொல்லட்டும்.

பதினொரு மணி இருக்கும். இவரைச் சரித்துப் பிடித்துக்கொண்டு புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கொழும்பு நம்பர். ஒரு கை இவருடைய தோளில், மறு கையில் பஞ்சு. தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு "ஹலோ" என்றேன். ரேடியோவில் செய்தி வாசிப்பது போல் ஒரு பெண்குரல்.

"வணக்கம் அம்மா. மேன்முறையீடு சம்பந்தமாகக் கதைக்கிறம். உங்கட பெயர்?"

சொன்னேன்.

"அடையாள அட்டை இலக்கம்? கணவரின் பெயர்? வீட்டில எத்தனை பேர்?"

எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன், இப்போது கேட்கப் போகிறார்கள், புண்ணைச் சொல்ல வேண்டும், மெத்தையைச் சொல்ல வேண்டும், கதிரை இரவல் என்று சொல்ல வேண்டும், என் இடுப்பைக்கூடச் சொல்ல வேண்டும் என்று.

"சரி அம்மா. எப்படி இருக்கிறீங்க?"

"இருக்கிறம், பிள்ளை. ஒரு குறையுமில்லை."

தட்டுகிற சத்தம் கேட்டது.

"நன்றி அம்மா" என்று குரல் சொன்னது. போன் நின்றுவிட்டது.

பஞ்சில் இருந்து நீர் என் முழங்கை வரைக்கும் வடிந்தது. இவரை மெதுவாகக் கிடத்திவிட்டு அந்த நம்பரைத் திரும்ப எடுத்தேன். அந்த இலக்கத்துக்கு அழைக்க முடியாதாம். பதினொரு தடவை எடுத்தேன். அது சுகம் விசாரித்ததா, படிவத்தில் இருந்த கேள்வியா, எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது.

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் கட்டில் விளிம்பில் இருந்தேன்.

"சொல்லிப்போட்டனப்பா" என்றேன். "என்னை அறியாமல் வந்திட்டுது."

இவர் பின்பக்கமாகக் கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்தார். காய்ச்சலில் கை சுட்டது.

"என்னட்டைக் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பன்" என்றார்.

12.00 இடப்பக்கம்.